யூரின் டியூபும் ஹைட்ரோஜெல் பூச்சும்: நர்ஸ் பதில்கள்

வடசென்னையில் தொற்றுத் தடுப்பு நர்ஸாக வேலை பார்க்கிறேன். நோயாளிகளின் வீட்டார் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை மகள்: சிஸ்டர், அப்பாவுக்கு யூரின் டியூப் போடணும். பழைய ஜெயில் ரோடு மெடிக்கல்ல ஹைட்ரோஜெல் பூசின டியூப் விலை ஜாஸ்தி சொல்றாங்க. அது என்ன?

தண்ணீரை உறிஞ்சி வீங்கும், ஆனால் கரையாத பாலிமர் (நீளமான சங்கிலி போன்ற மூலக்கூறு) வலைதான் ஹைட்ரோஜெல். ஊறிய சப்ஜா விதையைச் சுற்றி வருமே, அந்த வழவழப்பு. டியூபில் பூசினால் உள்ளே போகும்போது உரசல் குறையும், கிருமியும் எளிதில் ஒட்டாது. வெள்ளி சேர்த்த ரகம் கிருமியைக் கொல்லவும் செய்யும்.

காசிமேடு அண்ணன்: அதான் ஆன்டிபயாடிக் ஊசி போடறாங்களே?

டியூபில் ஒட்டிய கிருமிகள் சளி போன்ற ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் பதுங்கிக்கொள்ளும். பயோஃபிலிம் என்பது இதுதான். அதற்குள் மந்தமாக வளரும் கிருமிகள் சாதாரண அளவு மருந்துக்கு மசியாது. பழைய டியூபை உள்ளேயே விட்டுவிட்டு ஊசி மட்டும் போட்டால், தொற்று திரும்ப வர வாய்ப்பு அதிகம். அதனால் ஒட்டுவதற்கு முன்பே தடுக்கத்தான் இந்தப் பூச்சு.

அதே மகள்: அப்போ வெள்ளி பூசினதையே வாங்கிடலாமா?

கடன் வாங்கியாவது வாங்க வேண்டிய பொருள் அல்ல அம்மா. பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில், 7,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2012-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. சில நாட்களுக்கு டியூப் போட்டவர்களில், வெள்ளிப் பூச்சால் அறிகுறியுள்ள தொற்று சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. சிறுநீரில் உள்ள புரதமும் உப்பும் பூச்சின் மேல் படியும், செத்த கிருமிகளும் சேரும். அதன் மேல் புதுக் கிருமி ஒட்ட இடம் கிடைத்துவிடும்.

வியாசர்பாடி தம்பி: கட்டில் கம்பி, கதவுப் பிடிக்கெல்லாம் பூசலாமே?

ஹைட்ரோஜெல்லுக்கு ஈரம் வேண்டும், காய்ந்தால் சுருங்கிவிடும். அங்கே கிருமிநாசினி போட்டுத் துடைப்பதுதான் சரி.

ராயபுரம் அக்கா: நாங்க என்ன செய்யணும் சிஸ்டர்?

யூரின் பை எப்போதும் இடுப்பு மட்டத்துக்குக் கீழே தொங்கட்டும், ஆனால் தரையில் படக்கூடாது. ஸ்ட்ரெச்சரில் தள்ளிப்போகும்போது பையை நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பதை அடிக்கடி பார்க்கிறேன். சிறுநீர் திரும்பி உள்ளே போகும், தயவுசெய்து செய்யாதீர்கள். டியூபும் பையும் சேரும் இடத்தைக் கழற்றாதீர்கள். பையைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுங்கள். அப்புறம், டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் கூடும். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும், "இன்னும் டியூப் வேணுமா சார்?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.