அமெரிக்கர் என்று யாரைச் சொல்வது?

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. வேலை நிமித்தம் இரண்டு வருடமாக மெக்சிகோவில், மோன்டெர்ரே நகரத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள், ‘கண்டங்கள் எத்தனை’ என்ற கேள்விக்கு ஊரில் சொல்லிக்கொடுத்தபடி ஏழு என்று எழுதினாள். தப்பு என்று சுழித்துவிட்டார்கள். இங்கே அமெரிக்கா ஒரே கண்டமாம். வடக்கும் தெற்கும் அதன் பகுதிகளாம். டீச்சரைப் பார்த்துக் கேட்கப் போனேன். பேச்சுவாக்கில் எங்கள் கம்பெனியின் டெக்சாஸ் ஆட்களை ‘அமெரிக்கர்கள்’ என்று சொல்லிவிட்டேன். “நானும்தான் அமெரிக்கர்” என்றார், சிரிக்காமல். எது சரி?

இன்னொன்று. ஐந்து வேளை தொழுகிற என்னை இங்கே எல்லோரும் ‘இந்து’ என்கிறார்கள். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

டீச்சர் அவர் ஊர்க் கணக்குப்படி சுழித்திருக்கிறார், உங்கள் மகள் நம் ஊர்க் கணக்குப்படி எழுதியிருக்கிறாள். கண்டத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது. கடல் சூழ்ந்த பெருநிலம்தான் கண்டம் என்றால் ஐரோப்பாவும் ஆசியாவும் ஒன்றாகிவிடும். நடுவில் இருப்பது யூரல் மலை. அந்த எல்லையும் 18ஆம் நூற்றாண்டில் போட்டது. பழைய கிரேக்கர்களில் பலருக்கு டான் ஆறுதான் எல்லை. சரி, பூமிக்கு அடியில் இருக்கும் நிலத்தட்டுகளை வைத்துப் பிரிக்கலாமே என்றால், சைபீரியாவின் கிழக்கு மூலை வட அமெரிக்கத் தட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. இந்தியாவுக்குத் தனித் தட்டே இருந்தும் கிடைத்தது ‘துணைக்கண்டம்’ என்ற பட்டம்தான்.

தமிழில் கண்டம் என்றாலே துண்டு. (ஜாதகத்தில் வரும் கண்டம் வேறு. உங்கள் மகளுக்குப் பரீட்சைத்தாளில் வந்தது இரண்டும் சேர்ந்தது.) அமெரிக்காவை ஒரு துண்டாக வைப்பதா, இரண்டாக நறுக்குவதா என்பது பனாமாவை எப்படிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. மிகக் குறுகிய இடத்தில் சுமார் 50 கிலோமீட்டர் அகல நிலம் இரண்டையும் ஒட்டவைத்திருக்கிறது. சூயஸிலும் இப்படி ஒட்டிக்கொண்டிருந்த ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும், 1869இல் கால்வாய் திறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இரண்டாக எண்ணியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நம் பாடப்புத்தகம் ஜெயிக்கும். ஆனால் ஐந்து கண்டங்களைக் குறிக்கும் ஒலிம்பிக் வளையங்களில் அமெரிக்கா மொத்தமும் ஒன்றாகத்தான் கணக்கு. டீச்சர் அதைக் காட்டினால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

எண்ணிக்கையைவிட எனக்குச் சுவையாகப் படுவது டீச்சர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். ‘அமெரிக்கா’ என்ற பெயர் முதன்முதலில் அச்சில் வந்தது 1507இல், மார்ட்டின் வால்ட்சேமுல்லர் என்ற ஜெர்மானியர் தயாரித்த உலக வரைபடத்தில். அமெரிகோ வெஸ்புச்சி என்ற இத்தாலியக் கடலோடியின் பெயரை வைத்தார்கள். ஐரோப்பா, ஆசியா இரண்டும் பெண்களின் பெயர்கள்தானே, அமெரிகோவையும் பெண்பாலாக்கினால் என்ன என்பது அவர்கள் வாதம். அந்தப் பெயரை எழுதிய இடம் எது தெரியுமா? தெற்கே, இன்றைய பிரேசில் பக்கம். வடக்குக்கும் அதே பெயரை நீட்டியது 1538இல் மெர்க்கேட்டர் என்பவர் தயாரித்த வரைபடம். முறைப்படி பார்த்தால் டெக்சாஸ்காரருக்கு அந்தப் பெயர் பின்னால் வந்து சேர்ந்தது. வால்ட்சேமுல்லரே பிறகு மனம் மாறி, 1513 வரைபடத்தில் அந்தப் பெயரை எடுத்துவிட்டார். அதற்குள் ஊர் வாயில் ஏறிவிட்டது. 1507 வரைபடத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி. அதை ஒரு கோடி டாலர் கொடுத்து வாங்கி வைத்திருப்பது வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம்!

அப்படியானால் அந்த நாட்டுக்காரரை என்னவென்று அழைப்பது? ஸ்பானியத்தில் ‘எஸ்தாதோவுனிதென்சே’ என்ற சொல் இருக்கிறது. ‘ஐக்கிய நாட்டார்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மெக்சிகோவில் இருக்கும்வரை அதைப் பழகிக்கொள்வது நல்லது. நாக்கு சுளுக்கினாலும் பரவாயில்லை. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு: மெக்சிகோவின் அதிகாரப்பூர்வப் பெயரே ‘ஐக்கிய மெக்சிகோ நாடுகள்’தான். ‘வட அமெரிக்கர்’ என்றும் அங்கே சொல்வார்கள். ஆனால் நம் ஏழு கண்டக் கணக்கில் மெக்சிகோவே வட அமெரிக்காவில்தானே இருக்கிறது? எந்தப் பெயரை எடுத்தாலும் ஒருவரின் காலை மிதித்தாக வேண்டும்.

தமிழில் நான் ‘அமெரிக்கர்’ என்றே எழுதிவருகிறேன், இனியும் எழுதுவேன். தமிழில் அது யாரைக் குறிக்கும் என்பதில் குழப்பமில்லை. ஆனால் ஒரு மெக்சிகோக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அதே சொல்லைப் போட்டால், அவர் வீட்டுப் பட்டாவில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எழுதியது போல்தான் அவருக்குக் கேட்கும்.

கடைசியாக, ‘இந்து’. உங்கள் மதத்தைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை. கொலம்பஸ் தான் வந்து சேர்ந்தது இந்தியா என்று நினைத்து அங்கிருந்த மக்களை ‘இந்தியோ’ என்றார். தவறு தெரிந்த பிறகும் பெயர் அவர்களிடமே தங்கிவிட்டது. உண்மையான இந்தியர்கள் போய் இறங்கியபோது அந்த நாற்காலியில் வேறு ஆள் இருந்தார். ‘இந்தூ’ என்ற சொல்லை நமக்குக் கொடுத்தார்கள். எழுதும்போது முன்னால் ஒரு ‘ஹ’ உண்டு, ஸ்பானியத்தில் அது ஒலிக்காது. மதத்தையும் அதே சொல்லால் சொல்வார்கள் என்றாலும், பேச்சுவழக்கில் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதே பொருள். அடுத்த முறை யாராவது “இந்தூவா?” என்று கேட்டால் திருத்தாதீர்கள். “சீ” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். ஸ்பானியத்தில் அதற்கு ‘ஆமாம்’ என்று அர்த்தம்.