ஈ.எஃப். 60 இருந்தும் ஆபரேஷனில் ரிஸ்க்கா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு 58 வயது. மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள கதவு) லீக், ஆபரேஷன் செய்ய வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) ஈ.எஃப். (ஒரு துடிப்பில் கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு) 60 சதவீதம், நார்மல் என்றுதான் இருக்கிறது. ஆனாலும் ரிஸ்க் உண்டு, மறுபடி எக்கோ எடுக்கணும், ஆபரேஷன் நேரத்தில் தொண்டை வழியாகவும் எடுப்போம் என்கிறார்கள். இதெல்லாம் அவசியமா டாக்டர்?"

அவசியம்தான் சகோதரி. இதய அறுவைக்கு மயக்க மருந்து கொடுப்பவன் நான். வால்வு லீக் உள்ளவர்களின் ஈ.எஃப். எண்ணை மட்டும் வைத்து நான் நிம்மதி அடைவதில்லை.

அடிபம்பு அடித்திருப்பீர்கள். வாஷர் தேய்ந்துபோனால் கைப்பிடி லேசாக இறங்கும், குடம்தான் நிறையாது. அம்மாவின் இதயமும் அப்படித்தான். இடது கீழறையில் 100 மில்லி ரத்தம் இருந்து 60 மில்லி வெளியேறினால் ஈ.எஃப். 60. அதில் பாதி பின்பக்கமாக மேலறைக்கே திரும்பினால் உடம்புக்குக் கிடைப்பது 30 மில்லிதான். அந்தப் பின்வழி சுலபமான வழி என்பதால், தளர்ந்த தசைகூடத் தெம்பாக இருப்பதுபோல் தெரியும். வால்வைச் சரிசெய்ததும் பின்வழி அடைபடுகிறது, பம்பு கனக்கிறது. ஆபரேஷன் நேரத்தில் இதயத்தின் வேலையைத் தான் செய்யும் பைபாஸ் மெஷினிலிருந்து இதயத்தை விடுவிக்கும்போது அது திணறுவது இதனால்தான். கடுமையான லீக்கில் ஈ.எஃப். 60-க்கு இறங்கினாலே தசை களைக்க ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். சுருங்கிய நிலையில் கீழறையின் அளவு 40 மில்லிமீட்டரைத் தொட்டாலும் அப்படியே.

புது எக்கோவில் இன்னும் சிலவற்றைப் பார்ப்பார்கள். நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் ஏறியிருக்கிறதா, வலது கீழறை நன்றாக அசைகிறதா என்பது முக்கியம். ஆபரேஷனுக்குப் பிறகு பலரைச் சிரமப்படுத்துவது அந்த வலது பக்கம்தான். இடது மேலறை பெருத்திருந்தால் பின்னால் துடிப்பு தாறுமாறாகலாம், அதற்கும் தயாராக இருப்போம்.

அப்புறம், தொண்டை வழி எக்கோ. அம்மா முழு மயக்கத்தில் இருப்பார், வலி தெரியாது. உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருப்பதால் வால்வு தெளிவாகத் தெரியும். ரிப்பேர் முடிந்ததும் லீக் மிச்சமிருக்கிறதா என்று அங்கேயே பார்த்து, தேவைப்பட்டால் உடனே திருத்தலாம். பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975-ல் டாக்டர் கே.எம். செரியன் நாட்டின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்த நாட்களில் இந்த வசதி கிடையாது.

அப்படியானால் முன்கூட்டி எடுக்கும் எக்கோ எதற்கு என்று தோன்றலாம். மயக்கத்தில் பி.பி. இறங்கும், லீக்கும் குறைந்து தெரியும். அம்மா விழித்திருக்கும்போது எடுத்த படம்தான் உண்மையான அளவைச் சொல்லும்.

உங்கள் பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது. சாப்பாடு தொண்டையில் சிக்குவது, முன்பு ரத்த வாந்தி எடுத்தது, கல்லீரல் கோளாறு, ஆடும் பல் இவற்றில் எது இருந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொண்டை வழியாக விடும் எக்கோ குழாயால் காயம் படுவது அபூர்வம். ஆனால் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு கூடுதல். பழைய எக்கோ ரிப்போர்ட்டையும், அந்தப் படங்களைப் பதிந்த சி.டி. தட்டு தந்திருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு மாதத்தில் கீழறை எவ்வளவு பெருத்தது என்று ஒப்பிட அது வேண்டும்.