இந்த மாரி எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எல் நினோ வருசம் என்றால் மாரி பொய்த்துவிடுமா? புழுதி விதைப்பைத் தள்ளிப்போடலாமா? (வவுணதீவு)

தள்ளிப்போட வேண்டாம். எல் நினோ என்றதும் வறட்சி என்று நினைப்பது இந்தியச் செய்திகளைப் பார்த்து வந்த பழக்கம். அங்கே அது ஜூன் முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்கு மழையைக் குறைக்கும். இலங்கையின் கிழக்கில் நம் வேளாண்மை நம்பியிருப்பதோ ஐப்பசி, கார்த்திகை மழையையும் அதன் பின்னால் வரும் வடகீழ்ப் பருவக்காற்றையும்.

பசிபிக் சமுத்திரத்தின் நடுவும் கிழக்கும் வழமையை விடச் சூடாவதுதான் எல் நினோ. அந்த வருசங்களில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு மழை கூடப் பெய்யவே சாத்தியம் அதிகம். ஜனவரி முதல் மார்ச் வரை குறையப் பார்க்கும். அதே கடல் வழமையை விடக் குளிரும் லா நினாவில் இது தலைகீழ். ஆகவே மழை கூடுமா குறையுமா என்பதை விட, எந்தப் பாதியில் என்பதுதான் முக்கியம். எல் நினோ வருசத்தில் பிந்தி விதைத்தால் பயிர் கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்தில் நிற்கும்போது வானம் கைவிட்டுவிடும். முதல் மழையோடு விதையுங்கள். குளத்துத் தண்ணீர் எட்டாத வயலென்றால் மூன்று மாத நெல் நல்லது.

2011 தை வெள்ளமும் இதனால்தானா? (கிரான்)

பெரும்பங்கு அதனால்தான். 2010இன் பிற்பகுதியில் தொடங்கிய லா நினா மிகவும் பலமானது. மழை இரண்டாம் பாதிக்குத் தள்ளி வந்து, அறுவடைக்கு நின்ற வேளாண்மை மேல் கொட்டியது. அடுத்த மாசமே மறுபடி வெள்ளம். தண்ணீர் வடிந்த பிறகு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வயலில் இறங்கி ஒரு கதிரை எடுத்துப் பார்த்தேன். தாளில் இருந்தபடியே நெல் வெள்ளையாய் முளை விட்டிருந்தது. அதிலிருந்து, லா நினா என்றால் கார்த்திகையில் மழை குறைவு என்று கவலைப்படுகிறவர்களிடம் தை மாசத்தையும் பாருங்கள் என்று சொல்லாமல் விடுவதில்லை.

அப்படியென்றால் 2025இல் டித்வா சூறாவளி எப்படி வந்தது? (கல்முனை)

நியாயமான கேள்வி. அப்போது பசிபிக்கில் வலுக்குறைந்த லா நினா இருந்தது. இந்து சமுத்திரத்திலும் சுமாத்திராவை ஒட்டிய கடல் மேற்குப் பக்கத்தை விடக் கூடுதலாகச் சூடேறியிருந்தது. இரண்டும் நம் ஒக்டோபர்–டிசம்பர் மழையைக் குறைக்கப் பார்ப்பவை. ஆனாலும் நவம்பர் கடைசியில் சூறாவளி வந்து நாட்டையே புரட்டிப்போட்டது.

பருவ முன்னறிவிப்பு மூன்று மாச மழையின் மொத்தத்துக்குத்தான். ஒரு தாழமுக்கம் இரண்டே நாளில் அந்தக் கணக்கை மாற்றிவிடும், அது எந்தக் கரையில் ஏறும் என்பதும் சில நாளைக்கு முன்புதான் தெரியும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட வீடுகளில் இன்றும் கார்த்திகைக் கடைசி என்றால் ஒரு பதைப்பு உண்டு. 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில், வெள்ளம் பாய்ந்த வீதியில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அள்ளுண்டு போனதை என்னால் மறக்க முடியவில்லை. ஒக்டோபர் நடுவிலிருந்து தினசரி அறிவித்தலைக் கேளுங்கள். வீதியை மேவித் தண்ணீர் ஓடினால் தயவுசெய்து இறங்காதீர்கள்.

மகன் ரொறன்ரோவில் இருக்கிறார். லா நினா வந்தால் அங்கே பனி கூடுமா? (களுவாஞ்சிகுடி)

வன்கூவர் பக்கம் என்றால் இன்னும் உறுதியாகச் சொல்வேன். லா நினாவில் மேற்குக் கனடா குளிர்ந்து, மலைகளில் பனி கூடப் பொழிவது வழமை. எல் நினோவில் குளிர் தணியும். ரொறன்ரோவில் இதன் பிடி தளர்வானது. வடதுருவக் குளிர்காற்று எப்போது கீழே இறங்குகிறது என்பதையும் பொறுத்திருக்கிறது. பேரேரிகள் உறையுமுன் குளிர்காற்று அவற்றின் மேலால் வந்தால் ஈரத்தை அள்ளி மறுகரையில் பனியாய்க் கொட்டும். நம் வாடைக்காற்று வங்காள விரிகுடாவில் ஈரம் ஏற்றி வருவது மாதிரித்தான்.

மார்கழி, தையில் இங்கேயும் புல்லில் பனி உறையுமா? (சம்மாந்துறை)

உறையாது. அதற்கு நுவரெலியா உயரம் வேண்டும். அங்கேயும் ஜனவரி, பெப்ரவரியில் முகிலும் காற்றும் இல்லாத இரவுகளில்தான். நம் புல்லில் விடிய நிற்பது வெறும் பனித்துளி. அது காலையில் வெகுநேரம் நெல் இலையில் தங்கினால் எரிபந்தம் என்ற பூஞ்சண நோய்க்கு வசதி. வயலுக்குப் போகும்போது, இலையில் கண் வடிவில் நடு வெளிறிய புள்ளி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.