உப்பு விளைகிறதா, உற்பத்தியாகிறதா?

கேள்வி: எங்கள் பக்கத்து அளங்களில் (உப்பளங்களில்) வேலை செய்பவர்கள் "இந்த வருசம் உப்பு நல்லா விளைஞ்சிருக்கு" என்கிறார்கள். செய்தித்தாளில் "உப்பு உற்பத்தி" என்று வருகிறது. கடையில் வாங்கும் பாக்கெட்டில் "தயாரிப்பு" என்று இருக்கிறது. எது சரியான சொல்?
– வாசகர், வாலிநோக்கம்

பதில்: மூன்றும் சரிதான், ஆனால் மூன்றும் ஒரே வேலையைக் குறிப்பவை அல்ல.

உற்பத்தி வடமொழியிலிருந்து வந்தது. தோன்றுதல், பிறத்தல் என்பதே அதன் முதல் பொருள். வைகை வருசநாட்டு மலையில் உற்பத்தியாகிறது என்று பள்ளியில் படிக்கிறோம். தேங்கிய தண்ணீரில் கொசு உற்பத்தியாகிறது என்று சுகாதாரத் துறை எச்சரிக்கிறது. அங்கெல்லாம் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. பண்டங்களைப் பெருமளவில் உண்டாக்குவது என்பது பின்னால் வந்து சேர்ந்த பொருள். இத்தனை டன் என்று கணக்குச் சொல்ல இந்தச் சொல் பொருந்தும்.

தயார் என்பது உருது வழியாக வந்த சொல், ஆயத்தம் என்று பொருள். அளத்திலிருந்து வந்த உப்பைக் கழுவி, உலர்த்தி, அரைத்து, அயோடின் சேர்த்து, பையில் அடைக்கும் வேலைக்குத் தயாரிப்பு என்பது மிகப் பொருத்தம்.

பாத்தியில் நடப்பதற்கோ விளைதலை விட நல்ல சொல் கிடையாது. விளைதல் என்றால் முதிர்தல், பக்குவத்துக்கு வருதல். விளைந்த கதிர், விளைந்த தேங்காய் என்கிறோமே, அதே பக்குவம்தான். கடல்நீரின் அடர்த்தி, திரவங்களின் அடர்த்தியை அளக்கும் போமே என்ற அளவில் சுமார் 3 டிகிரி. ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் 35 கிராம் உப்புகளில் 27 கிராம் அளவுதான் நாம் சாப்பிடும் உப்பு. அந்தத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலிலும் காற்றிலும் சுண்ட விடுகிறார்கள். 13 டிகிரியைத் தாண்டும்போது ஜிப்சம் என்ற சுண்ணாம்புச் சத்துள்ள உப்பு அடியில் படியத் தொடங்கும். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் ஆவியாகி 25 டிகிரியைத் தொட்ட பிறகுதான் உப்பு மணி பிடிக்கும். 29 டிகிரிக்கு வந்ததும் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அவசரப்பட்டு 20 டிகிரியிலேயே உப்புப் பாத்திக்குத் தண்ணீரை விட்டால் ஜிப்சமும் உப்போடு சேர்ந்து படியும். 29-ஐத் தாண்டியும் வடிக்காமல் விட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். மணி பிடித்த நேரத்தில் ஒரு கோடை மழை பெய்தால் படிந்தது மறுபடி கரைந்துவிடும். தரையை நன்றாக மிதித்து இறுக்காத பாத்தியில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், வாரும்போது சேறும் ஏறும். அளக்காரர் பக்குவத்துக்குக் காவல் இருக்கிறார். உப்பு தானே விளைகிறது.

இன்னொரு சொல்லையும் சொல்லாமல் விட மனமில்லை: செய். உண்டாக்குதல் என்று வினையாக வரும் இதே சொல், பெயராக வரும்போது வயலைக் குறிக்கும். நன்செய், புன்செய் என்பதில் இருப்பது அதுதான். அகநானூற்றின் 140-ஆம் பாடல் கழியில் உள்ள செறுவில், அதாவது வயலில், "உழாஅது செய்த" வெண்கல் உப்பு என்கிறது. உழாமலே செய்த பயிர்! உப்பளத்தை வயலாகவே பார்க்கும் பார்வை அவ்வளவு பழையது. ஆகவே "உப்பு விளைஞ்சிருக்கு" என்பதைப் பேச்சு வழக்கு என்று ஒதுக்கி, எழுதும்போது மட்டும் "உற்பத்தி" என்று திருத்துவது தேவையற்ற வேலை. கட்டுரையிலும் தாராளமாக விளைச்சல் என்றே எழுதுங்கள்.

கேள்வி: அளத்திலிருந்து நேரே வாங்கிய கல் உப்பு சாடியில் தண்ணீர் விட்டுக் கசிகிறது. கலப்படமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: கலப்படம் என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன மக்னீசியம்தான் பெரும்பாலும் காரணம். மக்னீசியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 33 சதவீதம் இருந்தாலே ஈரத்தை இழுக்கும். சுத்தமான உப்பும் 75 சதவீதத்துக்கு மேல் கசியும். கடற்கரை ஊரில் பல நாள் காற்றில் அதற்கு மேலேயே ஈரம் இருப்பதால், லேசான கசிவை எந்த உப்பிலும் தவிர்க்க முடியாது. அதிகமாகக் கசிந்து, நாக்கில் கசப்பும் தட்டினால், தண்ணீரை வடிக்காமல் தாமதித்து வாரிய உப்பு அது.

வாரிய உப்பை உடனே மூட்டை பிடிக்காமல் அம்பாரமாகக் குவித்து வைப்பது இதற்காகத்தான். மக்னீசியம் பனி ஈரத்தில் முதலில் கரைந்து கீழே வடியும். அதனால் புது உப்பை விடக் குவியலில் கிடந்த உப்பைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஒரு வெள்ளைத் துணியில் கட்டி ஓர் இரவு தொங்கவிட்டால் கசப்பு நீர் கணிசமாக இறங்கிவிடும். பிறகு வெயிலில் உலர்த்தி, பீங்கான் சாடியில் போட்டு இறுக மூடுங்கள். வெறும் தண்ணீரில் அலசாதீர்கள், உப்பே கரைந்து போகும். ஆலையில் கூட நல்ல உப்பு நிறையக் கரைத்த தண்ணீரில்தான் கழுவுகிறார்கள்.

ஒரு முக்கியமான விஷயம்: அளத்து உப்பில் அயோடின் சேர்த்திருக்காது. அன்றாடச் சமையலுக்கு அயோடின் உப்பே வேண்டும். விதிப்படி கடையில் விற்கும் உப்பில் அயோடின் பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறையக் கூடாது. அளத்து உப்பைக் கருவாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தொழிற்சாலை என்பதில் ஆலை இருக்கிறதா?
– மாணவர், தொண்டி

பதில்: இல்லை. தொழில் + சாலை என்று பிரிக்க வேண்டும். சாலை என்பது கூடம், பாடசாலையில் வருவது போல. ஆலை தனிச்சொல். முதலில் கரும்பு பிழியும் எந்திரத்தையும் அது இருக்கும் இடத்தையும் குறித்தது. பிறகு நூலாலை, அரிசி ஆலை என்று விரிந்தது.