வேம் வெல்லத்தில் வளராது

கேள்வி: ஐயா, சின்ன வெங்காயத்துக்கு வேம் எனும் வேர் உட்பூசணம் நல்லது என்றார்கள். வாங்கிவந்து, அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரத்தைப் பெருக்குகிற மாதிரியே வெல்லமும் சாணமும் கரைத்த டிரம்மில் ஒரு வாரம் ஊறவைத்துப் பாசனத்தோடு விட்டேன். டிரம்மில் வெள்ளையாக ஆடை படர்ந்ததே தவிர, பயிரில் வித்தியாசம் இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? அடுத்துப் போடும் முள்ளங்கிக்கும் வேம் கொடுக்கலாமா?
– வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: கடைக்காரரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், கோளாறு டிரம்மில் இருக்கிறது. அசோஸ்பைரில்லம் பாக்டீரியா, இனிப்புக் கரைசலிலேயே பெருகும். வேம் உயிருள்ள வேருக்குள் நுழைந்தால்தான் பிழைக்கும். செடியிடம் சர்க்கரையை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) துத்தநாகத்தையும் மண்ணிலிருந்து எடுத்துத் தரும். நீங்கள் பார்த்த வெள்ளை ஆடை வேறு ஏதோ பூசணம். வேரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால்தான் உள்ளே ஓடுகிற வேம் இழை கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் பயிரைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஒரு வெங்காயத்தைப் பிடுங்கி வேரை அலசிப் பாருங்கள். தடித்த வெள்ளை நூல் கொத்தாக இருக்கும். கிளையும் குறைவு, வேர்த்தூவியும் குறைவு. மணிச்சத்தோ மண்ணில் சுலபத்தில் நகராது. வேரை ஒட்டி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பது தீர்ந்ததும் அந்த வேர் பட்டினிதான். பூசண இழை பல சென்டிமீட்டர் தள்ளிப்போய் எடுத்து வரும்.

அடுத்த பட்டத்தில் விதை போட்டு நாற்று விடுவதானால், சதுர மீட்டருக்கு 100 கிராம் வேம், 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் பரப்பி, அதற்கு மேல் விதையுங்கள். இறங்குகிற வேர் அதைத் தொட்டே ஆக வேண்டும். விதைக்குப் பதில் வெங்காயக் காயையே நடுவதென்றால் காய்க்கு நேர் அடியில் ஒரு சிட்டிகை வேம். கார்பன்டசிம் என்ற பூசணக்கொல்லிக் கரைசலில் நனைத்த காயோடு சேர்க்காதீர்கள். அப்புறம், மணிச்சத்து உரமான டிஏபியை அள்ளிக் கொட்டினால் செடி இந்தப் பூசணத்தைச் சீண்டாது. மண் பரிசோதனையில் மணிச்சத்து 'அதிகம்' என்று வந்திருந்தால் வேமுக்குக் காசே செலவழிக்க வேண்டாம் என்பேன்.

பெருக்கத்தான் வேண்டுமென்றால் மக்காச்சோளத்தை வையுங்கள். ஒரு மீட்டர் சதுரம், 30 செ.மீ. ஆழத்தில் குழி எடுத்துக் கறுப்பு பாலித்தீன் விரித்து, 50 கிலோ வெர்மிகுலைட்டோடு (நாற்றுக் கலவைக்குப் போடும் லேசான கனிமத் துகள்) வேகவைத்த மண் 5 கிலோ கலந்து நிரப்புங்கள். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே 1 கிலோ வேம் தூவி மக்காச்சோள விதை ஊன்றுங்கள். (மண் வேகவைக்க நான் எடுத்தது வீட்டு இட்லிக் குண்டான். வீட்டம்மா கேட்காத கேள்வி இல்லை. நீங்கள் தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.) 60 நாளில் தட்டையை அறுத்துவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி அதே கலவையில் சேர்த்தால் சுமார் 55 கிலோ தேறும்.

முள்ளங்கிக்கு வேண்டாம். முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் கடுகுக் குடும்பம். இந்தப் பூசணத்தோடு அவை கூட்டே வைப்பதில்லை. கத்தரி, மிளகாய் நாற்றங்கால் போட்டால் அதற்குக் கொடுங்கள்.