பேராசிரியர் எழுதாமல் போனது ஏன்?

கேள்வி: ஒப்பந்தச் சட்டம் குறித்து அடுத்தடுத்து நூல்கள் எழுதிய எங்கள் பேராசிரியர், புல முதல்வரான பிறகு ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. கோப்பும் கூட்டமுமாகவே அவருக்குக் காலம் கழிகிறது. பதவி மோகம் நல்ல அறிஞர்களையும் விழுங்கிவிடுகிறதே?

பதில்: அவர் எழுதாமல் விட்ட கட்டுரைகளை எண்ணிய நீங்கள், அவர் காலத்தில் யாரெல்லாம் ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டார்கள், பாடத்திட்டத்தில் எது நீங்கி எது வந்தது என்பதையும் எண்ணியிருந்தால், உங்கள் கோபத்தை ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஹார்வர்டு சட்டப் பள்ளியில் 1870இல் டீன் பொறுப்பேற்ற லாங்டெல், பாடநூலை விளக்கும் விரிவுரையைக் கைவிட்டுத் தீர்ப்புகளையே மாணவர் கையில் கொடுத்தார். முதல் வகுப்பில் அவர் எடுத்துக்கொண்டது, ஏலம் கேட்டவர் சுத்தியல் விழுமுன் பின்வாங்கலாமா என்பதைப் பற்றிய 1789ஆம் ஆண்டின் ஆங்கிலத் தீர்ப்பு. அவர் அதை விளக்கவில்லை. வழக்கின் சங்கதியைச் சொல்லும்படி ஒரு மாணவரை எழுப்பிக் கேட்டார். பணம் கட்டிச் சேர்ந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை, பலர் வகுப்புக்கு வருவதையே நிறுத்தினார்கள். அவர் அசரவில்லை. என்னைக் கேட்டால், அதைவிடத் துணிச்சலான காரியம் 1873இல் நடந்தது: வழக்கறிஞர்களும் நீதிபதிகளுமே சட்டம் கற்பித்துவந்த காலத்தில், முந்தைய ஆண்டுதான் படிப்பை முடித்திருந்த, வழக்காடி அனுபவமில்லாத ஜேம்ஸ் பார் ஏம்ஸ் என்ற இளைஞர் உதவிப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். கற்பித்தலையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட சட்டப் பேராசிரியர் என்ற வகை அங்கே வேர்விட்டது இப்படித்தான்.

இந்தியாவில் மாதவ மேனனின் பெயர் நிலைத்திருப்பதும் முதன்மையாக அவர் எழுதிய நூல்களால் அல்ல. பெங்களூருவில் தேசிய சட்டப் பள்ளியை நிறுவி, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு சேரும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு அதை முன்மாதிரியாக்கியதால்தான். அம்பேத்கரும் 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்றவர்தான். அதை மோகம் என்று யாரும் சொன்னதில்லை.

உங்கள் ஐயத்தில் ஒரு பாதி சரி, ஆனால் கை வைத்த இடம்தான் தவறு. சட்டப் பேராசிரியர் நிர்வாகத்துக்கு வரும்போது, எழுதாமல் போவதைவிடப் பெரிய ஆபத்து, விதிகளில் அவருக்கு இருக்கும் தேர்ச்சியே. பிற துறைத் தலைவர்கள் விதி தெரியாமல் தவறு செய்வார்கள். இவர் விதியைக் காட்டியே செய்துவிட முடியும். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருத்தலாகாது என்று காலையில் பாடம் நடத்திவிட்டு, தன்மீதே வந்த புகாரை விசாரிக்கும் குழுவில் மாலையில் தலைமை வகிப்பவரைப் பார்த்தால், அப்போது எழுதுங்கள். உங்களோடு சேர்ந்து நானும் கோபப்படுகிறேன்.

அதுவரை உங்கள் பேராசிரியரிடம் இரண்டு கேள்விகள் போதும். இந்தப் பருவத்தில் ஒரு வகுப்பாவது எடுக்கிறீர்களா? பதவிக்காலம் முடிந்ததும் வகுப்பறைக்குத் திரும்புவீர்களா? லாங்டெல் 1895இல் டீன் பதவியை விட்ட பிறகும் சில ஆண்டுகள் பேராசிரியராகவே பணியாற்றினார். அப்போது அவருக்கு மேலே டீனாக இருந்தவர், 22 ஆண்டுகளுக்கு முன் அனுபவமில்லாதவர் என்று சொல்லப்பட்ட அதே ஏம்ஸ்.