ஹாம்பர் வேண்டாம், போனை எடுத்தால் போதும்

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் நாங்கள் சில அம்மாக்கள் சேர்ந்து சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்கிறோம். அக்கம்பக்கத்துப் பாட்டிகளும் வந்து சொல்வார்கள். போன ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டிச் சமூக மன்றத்தில் ஒரு நிகழ்ச்சி நடத்தினோம். தமிழ் முரசு நாளிதழ், வசந்தம் தொலைக்காட்சி, ஒலி வானொலி, ‘செய்தி’ இணையத்தளம் என்று எல்லாருக்கும் இரண்டு நாளுக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவரும் வரவில்லை. வேறொரு குழுவுக்கு மட்டும் அரைப் பக்கம்! “ஆள் தெரிஞ்சிருக்கணும்” என்கிறார் கணவர். தீபாவளிக்கு நிருபர்களுக்கு ஹாம்பர் (பரிசுக்கூடை) அனுப்பு என்கிறாள் தோழி. நான் என்ன செய்வது?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: முதலில் ஹாம்பரை ஓரமாக வையுங்கள். சிங்கப்பூரின் 1960ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் அரசாங்க ஊழியர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். தனியார் துறைக்கும் அது பொருந்தும். “இந்தத் தொழிலில் இதெல்லாம் வழக்கம்தானே” என்று வாதாடவும் அந்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஒரு முறுக்கு டின்னுக்காக யாரும் உங்களைத் தேடி வரப்போவதில்லைதான். ஆனால் அதை வாங்கிய நிருபர், அடுத்த மாதம் உங்களைப் பற்றி எழுத வேண்டி வந்தால் கூச்சப்படுவார். உறவை வளர்க்க அனுப்பியதே உறவைக் கெடுத்துவிடும்.

கணவர் சொல்வதில் பாதி உண்மை. ஆள் தெரிந்திருப்பது உதவும். ஆனால் அந்த அரைப் பக்கக் குழுவினர் விருந்து வைத்துப் பழக்கம் பிடித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நிருபருக்கு அவசரமாக ஏதோ தேவைப்பட்ட நேரத்தில் போனை எடுத்துப் பேசியிருப்பார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பாலர் பள்ளிகளில் தாய்மொழி பற்றி ஓர் அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்து மணிக்கு ஒரு நிருபருக்கு இரண்டு பெற்றோரின் கருத்து வேண்டும், ஏழு மணிக்குள். அவர் யாரைக் கூப்பிடுவார்? உங்களிடம் ஒரு வாட்ஸ்அப் குழு நிறைய அம்மாக்கள் இருக்கிறார்கள். “பேசத் தயாராக இருப்பவர்களைக் கேட்டு அரை மணி நேரத்தில் சொல்கிறேன்” என்று நீங்கள் சொல்லி, சொன்னபடியே செய்தால் போதும். அன்றைய செய்தியில் உங்கள் குழுவின் பெயர் வராமல் போகலாம். பரவாயில்லை. உங்கள் எண் அவர் போனில் பதிவாகிவிடும். உங்களுக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லாத நாளில்தான் இந்தப் பழக்கம் வேர்விடும்.

அதற்கு நிருபர்களை ஆளாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு’ என்று நான்கு இடத்துக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புவது, அடுக்குமாடி புளோக்கில் எல்லாக் கதவுக்கடியிலும் துண்டுத்தாள் செருகுவது மாதிரிதான். ஒரு மாதம் முரசை ஒழுங்காகப் படியுங்கள். குடும்பம், கல்வி, முதியோர் பற்றி யார் எழுதுகிறார் என்று பெயரோடு பாருங்கள். அவர் எழுதியது நன்றாக இருந்தால், எந்த இடம் பிடித்தது என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அந்த மின்னஞ்சலில் உங்கள் நிகழ்ச்சியைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

இரண்டு நாளுக்கு ‘முன்பே’ என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, ஏப்ரல் மாதம்! தமிழ்மொழி விழாவின்போது ஒவ்வொரு வார இறுதியிலும் பட்டிமன்றம், கவியரங்கம், நாடகம், போட்டிகள் என்று ஊரே திமிலோகப்படும். நிருபர்கள் என்ன, நாமே எதற்குப் போவது எதை விடுவது என்று திண்டாடுகிறோம். மூன்று வாரம் முன்னால் சொல்லுங்கள், மூன்று நாள் முன்னால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதைவிட நல்ல வழி, ஏப்ரலையே விட்டுவிட்டு ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு சாதாரணச் சனிக்கிழமைக்கு நிருபரைக் கூப்பிடுவது.

அப்புறம், நிகழ்ச்சி நடக்கிறது என்பது மட்டும் செய்தி ஆகாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு. இந்த நிலையில், வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகள் சனிக்கிழமை பாயில் உட்கார்ந்து பாட்டியிடம் தமிழில் கேள்வி கேட்கிறார்கள் என்றால், அது செய்தி. உங்கள் மின்னஞ்சலில் முதல் வரி இதுவாக இருக்கட்டும். சிறப்பு விருந்தினரின் பட்டங்களெல்லாம் கடைசியில் வரட்டும்.

படமும் அப்படித்தான். பேனருக்கு முன்னால் பதினைந்து பேர் வரிசையாக நின்று பொன்னாடையோடு சிரிக்கும் படத்தை எந்த ஆசிரியரும் ஆசையாகப் போடமாட்டார். பாட்டி கையை விரித்து யானை எவ்வளவு பெரிசு என்று காட்ட, எதிரில் ஒரு பையன் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் படத்தை அனுப்புங்கள். பெற்றோரின் சம்மதத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள். இடமிருந்து வலம் பெயர்களைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். ஆங்கில எழுத்தை வைத்து ஊகித்தால் கவின் காவின் ஆகிவிடுவான், அவன் அம்மா உங்களிடம்தான் சண்டைக்கு வருவார்.

இன்னொன்று. எல்லாருக்கும் ஒரே கதையைக் கொடுக்காதீர்கள். பத்திரிகைக்குப் பாட்டியின் பேட்டி கொடுத்தால், ஒலி வானொலிக்கு அவர் கதை சொல்லும் குரலைக் கொடுங்கள். தொலைக்காட்சிக்குப் பிள்ளைகள் ஓடியாடும் காட்சி வேண்டும்.

செய்தி வந்தால், அச்சாகும் முன் காட்டச் சொல்லாதீர்கள். நல்ல நிருபருக்கு அது பிடிக்காது. உண்மையான தவறு இருந்தால் அவரிடமே நேராக, பணிவாகச் சொல்லுங்கள். வராவிட்டால் ஆசிரியருக்குப் போன் போட்டுப் புகார் செய்யாதீர்கள். எழுதிக் கொடுத்த பிறகும் இடமில்லாமல் நின்றுபோவது உண்டு, அது அந்த நிருபரின் கையில் இல்லை. வெளியே வரக்கூடாத விஷயம் ஏதாவது இருந்தால், சொல்லிவிட்டு “இதைப் போட்டுடாதீங்க” என்பதைவிட, சொல்லாமலே இருந்துவிடுங்கள். தமிழ் ஊடக வட்டம் இங்கே சின்னது. இன்று ஓரிடத்தில் இருப்பவரை நாளை வேறோர் இடத்தில் பார்ப்பீர்கள்.

ஜூன் விடுமுறைக்கு ஒரு சனிக்கிழமையைக் குறித்துக்கொண்டு, நீங்கள் படித்துத் தேர்ந்தெடுத்த அந்த ஒரு நிருபருக்கு மட்டும் மே முதல் வாரத்தில் எழுதுங்கள். ஐந்தாறு வரி போதும். கீழே உங்கள் கைப்பேசி எண்ணைப் போட மறக்காதீர்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் அது இல்லை.